கணக்கில் வராத தெரு

1

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, மில்டன் கீன்ஸில் எங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன ரவுண்டானாவில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் காருக்கு முன்னால் சைக்கிளோடு விழுந்தார். நான் இடிக்கவில்லை. நான் பிரேக் பிடித்தேன், அவரும் பிடித்தார், ஈரச் சாலையில் அவருடைய முன்சக்கரம் வழுக்கிவிட்டது. உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம். பேண்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடுவதற்குள் அவரே எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து "ஸாரி" என்றார்.

அடிபட்டவர் மன்னிப்புக் கேட்பது இந்த நாட்டு வழக்கம். பஸ்ஸில் காலை மிதித்தால் மிதிபட்டவர்தான் முதலில் ஸாரி சொல்வார். அது எனக்குப் பழகிவிட்டது. அடுத்து அவர் சொன்னதுதான் பழகவில்லை. "நீங்க இடது இண்டிகேட்டர் போட்டிருந்தீங்க. எங்க தெருவுக்குத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. தான் எதை நம்பி சாலையில் இறங்கினேன் என்று ஒரு விளக்கம், அவ்வளவுதான். ஆனால் என் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது: "நான் சரியாத்தானே போட்டேன்?" நல்லவேளை, சொல்லவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். வீடு வரை கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டேன். வீடு அங்கேயே, இருபதடி தூரத்தில்தான் என்று கையைக் காட்டினார். 

நான் அந்த ரவுண்டானாவை இரண்டு வருடமாக தினமும் கடக்கிறேன். அவர் கைகாட்டிய இடத்தில் ஒரு தெரு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2

மில்டன் கீன்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் இந்த ஊர் 1967இல் காகிதத்தில் திட்டமிடப்பட்டுப் பிறகு கட்டப்பட்டது. நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டது போன்ற சாலைகள். குறுக்குச் சாலைகளுக்கு எச் வரிசை, நெடுக்குச் சாலைகளுக்கு வி வரிசை. அவை சந்திக்கும் இடங்களில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது, ரவுண்டானாதான். ஊர் முழுக்க சுமார் 130 ரவுண்டானாக்கள். எந்த வேலைக்குப் போனாலும் ஏழெட்டு வட்டம் சுற்றாமல் போய்ச்சேர முடியாது.

இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே பன்னிரண்டு மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் இந்த நாட்டு டெஸ்ட்டை எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். கோயம்புத்தூரில் கல்லூரி, சென்னையில் ஆறு வருட வேலை, ஓ.எம்.ஆரில் தினமும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டியவன். எனக்கென்ன டெஸ்ட் என்ற திமிரில் போனேன். சின்னத் தவறுகள் பதினைந்து வரை மன்னிப்பு உண்டு. பெரிய தவறு ஒன்று போதும், வெளியே. என்னுடைய அந்த ஒன்று ஒரு ரவுண்டானாவில் நடந்தது. வெளியேறும்போது இண்டிகேட்டர் போட மறந்துவிட்டேன், எனக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

விதி என்னவோ எளிமையானதுதான். இங்கேயும் நம்மூர் போல இடதுபக்கம் ஓட்டுவது, வட்டத்தைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றுவது. நுழைகிறவர், வலதுபுறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். 1966இல்தான் பிரிட்டன் இதைப் பொது விதியாக்கியது. அதற்கு முன்பு எல்லோரும் முட்டிக்கொண்டு உள்ளே நுழைய, உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல் வட்டமே பூட்டிக்கொள்ளும். இந்த ஒரு விதி பூட்டைத் திறந்தது. ஆனால் கூடவே ஒரு புது வேலையையும் தந்தது. வாசலில் நிற்பவர் இப்போது ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும்: வலதிலிருந்து வரும் அந்தக் கார் என் முன்னால் கடக்கப்போகிறதா, அதற்குள் வெளியேறிவிடுமா? சிவப்பும் பச்சையும் சொல்லித்தராத பதில் இது. வருகிறவரின் மனசில் இருப்பது. அதை வெளியே சொல்வதற்கு அவரிடம் இருப்பது ஒரே ஒரு மஞ்சள் விளக்கு.

அந்த விளக்கின் இலக்கணத்தை ஹைவே கோட் வகுத்திருக்கிறது. முதல் எக்ஸிட் என்றால் நுழையும் முன்பே இடது. வலதுபக்கம் போவதென்றால் முதலில் வலது, பிறகு உங்கள் எக்ஸிட்டுக்கு முந்தைய எக்ஸிட்டைத் தாண்டியதும் இடது. நடுவில் இருக்கும் எக்ஸிட் என்றால் நுழையும்போது பொதுவாக ஒன்றும் வேண்டாம். முந்தைய எக்ஸிட்டைத் தாண்டியதும் இடது.

"முந்தைய எக்ஸிட்டைத் தாண்டியதும்." இந்த மூன்று சொற்களில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். தாண்டியதும் என்றால் எப்போது? மினி ரவுண்டானாவில் தாண்டுவதற்கும் வெளியேறுவதற்கும் இடையே ஒரு நொடிகூட இருக்காது. நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் வலதில் தள்ளி இருக்கும் சாலை நேரா, வலதா? இரண்டு நேர்மையான ஓட்டுநர்கள் ஒரே சாலைக்கு இரண்டு விதமாக சிக்னல் போடுவதை நான் தினமும் பார்க்கிறேன். போடாமலே போகிறவர்கள் தனி ஜாதி.

டெஸ்ட்டில் தோற்ற பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. மறக்கவே கூடாது என்ற பயம். அடுத்த முறை தேறினேன். ஆனால் அந்தப் பயம் என்னுடனேயே தங்கிவிட்டது. இருக்கட்டும், நல்ல பழக்கம்தானே என்றிருந்தேன்.

3

இப்போது அந்த ரவுண்டானாவை வரைகிறேன். நான் தெற்கிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். நான் போகும் சாலை வடக்கே, கொஞ்சம் இடதுபக்கம் வளைந்து போகிறது. கிழக்கே இன்னொரு சாலை. மேற்கே ஒரு சின்ன முட்டுச்சந்து. பத்துப் பன்னிரண்டு வீடுகள், முடிந்தது. இரண்டு புதர்வேலிகளுக்கு நடுவே இருப்பதால் பார்த்தால் யாரோ வீட்டு நுழைவாயில் போலத்தான் தெரியும்.

என் மனதில் இருந்த வரைபடத்தில் மூன்று சாலைகள்தான். நான் வருவது, நான் போவது, வலதில் ஒன்று. ஆக நான் போவது முதல் எக்ஸிட். முதல் எக்ஸிட்டுக்கு நுழையும் முன்பே இடது இண்டிகேட்டர் போட வேண்டும். போட்டேன். இரண்டு வருடமாக, தினமும், தவறாமல்.

அந்த முட்டுச்சந்தின் வாயிலில் நிற்பவருக்கு அதே விளக்கு என்ன சொல்லும்? "நான் உன் தெருவுக்குள் வருகிறேன். உன் முன்னால் கடக்க மாட்டேன். நீ இறங்கலாம்." அவர் அதைச் சரியாகப் படித்தார். விதிப்படி படித்தார். இறங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கூகுள் மேப் இரண்டு வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது: "ரவுண்டானாவில் இரண்டாவது எக்ஸிட்டை எடுக்கவும்." ஒவ்வொரு முறையும், இது முதல் எக்ஸிட்தானே, மேப்புக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். எண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவது எங்கள் தொழிலின் மிகப் பழைய பிழை. அதற்கு ஆஃப்-பை-ஒன் என்று பெயரே இருக்கிறது. இயந்திரம் சரியாக எண்ணியது, நான் தப்பாக எண்ணினேன்.

ஆனால் இதை எண்ணிக்கைப் பிழை என்று மூடிவிட என்னால் முடியவில்லை. ஏன் அந்தத் தெருவை விட்டேன்? எனக்கு அங்கே போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. அதனால் அது என் கண்ணில் சாலையாகவே பதியவில்லை. சாலை என்றால் நான் போகும் வழி. மனிதர்கள் வரும் வழி என்று ஒன்று இருப்பது தோன்றவேயில்லை.

4

நான் பொய் சொன்னேனா? அன்று இரவு என்னை அரித்தது இந்தக் கேள்விதான். இடதுபக்கம் திரும்பப்போகிறேன் என்று விளக்கு சொன்னது. நான் இடதுபக்கம்தான் திரும்பி வெளியேறினேன். வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் உண்மை. அதை நம்பியவர் ரத்தக் கையோடு தரையில் இருந்தார்.

தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1969இல் வெளியான 'கன்வென்ஷன்' நூலில் சமிக்ஞைகளைப் பற்றிப் பேசுகிறார். அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்கப் புரட்சிக் காலக் கதை. எதிரிப் படை தரைவழியாக வந்தால் தேவாலயக் கோபுரத்தில் ஒரு விளக்கு, கடல்வழியாக வந்தால் இரண்டு. ஒன்றுக்கும் தரைக்கும் இயற்கையான சம்பந்தம் எதுவும் இல்லை. மாற்றியும் வைத்திருக்கலாம். விளக்கேற்றுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே ஏற்பாட்டில் இருந்தால் போதும். ரவுண்டானாவும் அப்படித்தான். ஜெர்மனியில் ரவுண்டானாவுக்குள் நுழையும்போது இண்டிகேட்டர் போடுவது சட்டப்படியே கூடாது, வெளியேறும்போது கட்டாயம். இங்கே வலதுபக்கம் போகிறவர் நுழையும்போதே போட வேண்டும். இரண்டு நாடுகளிலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் என் விஷயத்தில் ஏற்பாடு ஒன்றேதான். அவருக்கும் எனக்கும் அகராதி ஒன்று. "இடது என்றால் அடுத்த எக்ஸிட்." வரைபடம்தான் வேறு. என் வரைபடத்தில் அவர் தெரு இல்லை. ஆகவே என்னுடைய சிக்னல் உண்மையாக இருந்தது ஓர் உலகத்தில், அந்த உலகத்தில் அவர் குடியிருக்கவில்லை.

தருமபுத்திரன் நினைவுக்கு வருகிறான். அஸ்வத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை முணுமுணுத்தவன். வாக்கியத்தின்படி அவனும் பொய் சொல்லவில்லை. தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்த தேர் அதற்குப் பிறகு தரையில் இறங்கியது என்கிறது கதை. அவனுக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது, எனக்கு இல்லை. இந்த வித்தியாசம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவன் என்னைவிட மேல் என்றுகூடத் தோன்றியது. துரோணர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். யாரிடம் பேசுகிறோம் என்ற கணக்கு அவனிடம் இருந்தது. நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

யோசித்தால் பதில் கூச்சமாக இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருந்தது டெஸ்ட்டில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டில் குறித்துக்கொண்டிருந்த அந்தப் பரிசோதகரிடம். அவர் இறங்கிப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் நான் அவருக்காகத்தான் விளக்குப் போட்டேன். "பார்த்தீர்களா, மறக்கவில்லை." அலுவலகத்தில் இந்த வியாதி எனக்குப் பரிச்சயம். சர்வர் ஒன்று எல்லாக் கேள்விக்கும் 200, அதாவது எல்லாம் நலம், என்று பதில் அனுப்பும். உள்ளே பிரித்துப் பார்த்தால் பிழைச் செய்தி இருக்கும். கண்காணிப்புத் திரை பச்சையாகவே இருக்கும். எழுதியவர் மேலாளருக்காக எழுதியிருப்பார், அந்தப் பதிலை வாங்கிப் பயன்படுத்தப்போகிறவருக்காக எழுதியிருக்க மாட்டார். அப்படிப்பட்ட கோடைக் கேலி செய்து நான் சிரித்திருக்கிறேன்.

வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, நடந்தது நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீமை சிறிதும் இல்லாதவற்றைச் சொல்வது என்கிறார். பள்ளியில் படித்தபோது இது ஒரு நழுவல் மாதிரி பட்டது. உண்மையா பொய்யா என்று கேட்டால் நல்லதா கெட்டதா என்று பதில் சொல்கிறாரே என்று. இப்போது வேறு மாதிரி படுகிறது. சொல் வாயிலிருந்து கிளம்பும் இடத்தில் அவர் உண்மையை அளக்கவில்லை, போய்ச்சேரும் இடத்தில் அளக்கிறார். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் நான் என் சொல்லுக்கு உத்தரவாதம் தர முடியாது.

5

அடுத்த நாள் நாமக்கல்லில் இருக்கும் மாமாவுக்கு ஃபோன் செய்தேன். அம்மாவின் தம்பி. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது, "அந்தப் பெரியவருக்குக் கையி எலும்பு ஒண்ணும் ஆகலயே மாப்ள?"

"இல்லைங்க மாமா. சிராய்ப்புதான்."

"அப்பச் செரி. அவரு லைட்டப் பாத்துட்டு வந்தாரு, அதான் தப்பு. வீல்லப் பாத்திருக்கோணும். லைட்டு ஆயிரம் சொல்லும். வீலு பொய் சொல்லாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த அம்மையாரும் இதையேதான் சொல்வார். இண்டிகேட்டர் எரிந்தால் பல்பு வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், வேறெதையும் நம்பாதே. ஹைவே கோடும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. சிக்னல் போட்டதால் உனக்கு முன்னுரிமை வந்துவிடாது. இன்னொருவர் வண்டியில் எரியும் இண்டிகேட்டர் அணைக்க மறந்ததாக இருக்கலாம். பாதுகாப்பு என்று திருப்தியானால் மட்டும் நகரு.

அப்படியானால் ஒரே புத்தகம் பேசுகிறவரிடம் உண்மை சொல் என்கிறது, கேட்கிறவரிடம் நம்பாதே என்கிறது. எங்கள் துறையில் இதன் எதிர்ப்பதம் ஒன்று உண்டு. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் வகுத்தது: அனுப்புவதில் கறாராக இரு, பெற்றுக்கொள்வதில் தாராளமாக இரு. சாலை முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டு இரண்டாவது பாதியைத் திருப்பிப் போட்டுவிட்டது. நம்பக் கூடாத ஒன்றை எதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும்? மாமாவிடம் இதைக் கேட்டேன், இவ்வளவு சுற்றாமல்.

மாமா வேறு எங்கேயோ ஆரம்பித்தார். "நம்ம பக்கம் லாரிக்காரன் ரைட்டு போட்டா ரெண்டு அர்த்தம் மாப்ள. ரைட்ல திரும்பப் போறேன், வராத. இல்லாட்டி, முன்னாடி ரோடு காலி, ஏறி வா. பின்னாடி வர்றவன் எடம் பாத்துப் புரிஞ்சுக்கோணும்."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டா?"

"செத்தான். அதனாலதான் சொல்றேன் கேளு. நான் ஒருத்தனுக்கு 'வா'ன்னு போட்டுட்டன்னா, அவன் என்னையத் தாண்டி முன்னாடி போயிச் சேர்ற வரைக்கும் நான் ஆக்சிலேட்டர மிதிக்க மாட்டேன். எதுக்க ஏதாச்சும் வந்துச்சுன்னா எடது பக்கம் மண்ணுல எறக்கியாச்சும் அவனுக்கு எடம் குடுப்பேன். நான் கூப்புட்டுத்தான வந்தான்?"

இதைப் புகழ்ந்து, மேற்கத்திய விதியைவிட நம்மூர் மனசு பெரிது என்று முடித்துவிட எனக்கு ஆசைதான். முடியாது. மாமாவின் வழக்கம் ஆபத்தானது. ஹெட்லைட்டை அடித்து "நீ போ" என்று சொல்வதைக்கூட இங்கே கூடாது என்கிறார்கள், காரணத்தோடுதான். மாமா மாதிரி மண்ணில் இறக்குகிறவர்களை மட்டும் வைத்து ஒரு நெடுஞ்சாலையை நடத்த முடியாது. கூப்பிட்டுவிட்டு மறந்துபோகிறவர்களும் ஓட்டுகிறார்கள். அவர்களுக்காகத்தான் விதி எல்லோரிடமும் "நம்பாதே" என்கிறது. யாரோ ஒருவரின் கவனக்குறைவு இன்னொருவரின் உயிரில் போய் முடியக் கூடாது என்பதற்காக நடுவில் வைத்த தடுப்பு அது.

ஆனால் நான் கேட்ட கேள்விக்கு மாமாவிடம் பதில் இருந்தது. "நம்பாதே" என்பது வாசலில் நிற்பவருக்குச் சொன்னது. அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. "அவர் என் லைட்டை நம்பியிருக்கக் கூடாது" என்று அவர் வேண்டுமானால் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். நான் சொன்னால் அது அயோக்கியத்தனம். ஒரே வாக்கியம்தான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து பணிவாகவும் தப்பித்தலாகவும் ஆகிவிடுகிறது. அன்று என் நாக்கு நுனியில் வந்து நின்ற "நான் சரியாத்தானே போட்டேன்" இந்த இரண்டாவது வகை. விளக்குப் போட்டதோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். மாமாவுக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

6

இன்னொரு விவாதம் மிச்சம் இருக்கிறது. இங்கே போலீஸ் ஓட்டுநர்களுக்கான 'ரோட்கிராஃப்ட்' கையேடும், மேம்பட்ட பயிற்சி தருகிறவர்களும் ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறார்கள். யாருக்காவது பயன்படும் என்றால் சிக்னல் போடு. யாருமில்லாத இடத்தில் அனிச்சையாகப் போடுவது நல்ல பழக்கம் போலத் தெரியும், ஆனால் நீ சுற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாய் என்பதற்கு அது அடையாளம். மறுதரப்பு சொல்வது: எப்போதும் போடு. நீ பார்க்காமல் விட்ட ஒருவர் எப்போதும் இருக்கக்கூடும்.

கேட்டதும் நான் முதல் தரப்பின் பக்கம் சாய்ந்தேன். என் பிழையே பழக்கத்தால் வந்ததுதானே. பார்த்துப் போட்டிருந்தால் தெரு தெரிந்திருக்கும், தெருவாயிலில் மனிதர் தெரிந்திருப்பார். பிறகு இரண்டாவது தரப்பும் உறுத்தியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இரண்டு வருடமாக. என் பார்வையிலேயே அந்தத் தெரு இல்லை. கவனத்தை மட்டும் நம்பினால், கவனத்துக்குத் தப்பியவர்களுக்கு யார் பொறுப்பு? ஆகவே இப்போது இரண்டையும் செய்கிறேன். எப்போதும் போடுகிறேன். போடுவதற்கு முன் எண்ணுகிறேன், வாய்விட்டு: ஒன்று, தாண்டியாச்சு, இப்போ. மனைவி பக்கத்தில் இருந்தால் சிரிப்பாள்.

கொடுக்கல் வாங்கல் கணக்கில் பார்த்தால் இண்டிகேட்டர் ஒரு விசித்திரமான பொருள். அதைப் போடுவதால் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை. காத்திருப்பவருக்கு மூன்று நொடி மிச்சம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்வதற்குள் நான் போய்விட்டிருப்பேன். இங்கே ஹைவே கோடின் மொழியில்கூட ரவுண்டானா சிக்னல் "கட்டாயம்" என்ற சொல்லின் கீழ் வரவில்லை, "வேண்டும்" என்ற சொல்லின் கீழ்தான் வருகிறது. விபத்தானால் வழக்கில் எடுத்துக் காட்டுவார்கள், மற்றபடி பிடிக்க ஆளில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு, யாரும் கேட்காமல், நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வது. அறம் என்ற பெரிய சொல்லை இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பயன்படுத்தத் தயக்கமாக இருக்கிறது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு மாலை. அதே ரவுண்டானா. முட்டுச்சந்தின் வாயிலில் அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். என் காரை அடையாளம் கண்டுகொண்டாரா தெரியாது. நான் விளக்கில்லாமல் நுழைந்து, அவர் தெருவைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டரைப் போட்டேன். சரியான இடத்தில், சரியான நேரத்தில். பாராட்டு எதிர்பார்க்கும் பையனைப் போல ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன்.

அவர் என் விளக்கைப் பார்க்கவில்லை. கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி, என் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடக்கே திரும்பி முழுதாகப் போய்விட்ட பிறகுதான் மிதிக்கட்டையில் கால் வைத்தார். கண்ணாடியில் தெரிந்தது.